வாசலுக்கு வந்த உயிர்வாழ் சான்று

அந்த வங்கிக் கிளையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. தலை இடித்துவிடக் கூடாதே என்று ஷட்டர் விளிம்பில் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். செக்யூரிட்டி அம்மாவின் மணிக்கட்டில் வெப்பமானியை நீட்டினார். 33.8 என்று காட்டியது. எனக்கு 33.6. "இது தப்பா காட்டுதுங்க" என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் காட்டுது" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு சொட்டு சானிடைசர். உள்ளே போகலாம்.

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி.

எதற்குப் போனோம் என்பதை வீட்டில் பென்ஷன்காரர் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடா வருடம் நவம்பர் வந்தால், உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வருடம் கொரோனாவுக்காகக் கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் நீட்டினார்கள். ஆனால் நவம்பரில் போகாமல் தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் முடிந்து வந்த அந்தத் திங்கட்கிழமை சேர்ந்தாற்போல் வந்துவிட்டார்கள்.

எங்கள் டோக்கன் 91. ஓடிக்கொண்டிருந்தது 52.

உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கிடந்தன. நாற்காலிகளில் ஒன்று விட்டு ஒன்றில் 'அமர வேண்டாம்' என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேறு வழியில்லை. கவுண்ட்டரில் புதிதாகக் கண்ணாடித் தடுப்பு போட்டிருந்ததால், உள்ளே இருப்பவர் சொல்வது வெளியே இருக்கும் பெரியவருக்குக் கேட்கவில்லை. "பி.பி.ஓ நம்பர்! பி.பி.ஓ!" என்று ஓய்வூதிய ஆணை எண்ணைக் கேட்டு அவர் கத்த, இவர் காது கேட்க வேண்டுமென்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு "என்னது? என்னது?" என்று கத்தினார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதே காட்சி. என் வயிற்றைப் பிசைந்தது.

நான் சிங்கப்பூரில் 14 வருடமாக இருக்கிறேன். அங்கே அந்த இரண்டு வருடங்களும் எப்படிப் போயின என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். யார் யார் பக்கத்தில் இருந்தோம் என்று பதிந்துவைக்கும் டிரேஸ்டுகெதர் டோக்கனை நீட்டாமல் அப்போது ஒரு கடைக்குள் கால் வைக்க முடியாது. நான் கிளம்பிய நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அப்படி வாழ்ந்துவிட்டு வந்தவனுக்கு இந்தக் கூடத்தைப் பார்த்ததும் மூச்சே நின்றது போலாகிவிட்டது. 'வெளிநாட்டுப் பயம்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சொன்னார்கள். அது மட்டும் இல்லை. அந்த வருடம் மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எங்கள் மாமா போனது அந்த மாதம்தான். ஏப்ரல் கடைசியிலேயே சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவை அடைத்துவிட்டது, போனால் திரும்ப முடியாது. மாமாவை நான் கைபேசித் திரையில்தான் வழியனுப்பினேன். அம்மாவால் அதற்கும் முடியவில்லை. கூடப் பிறந்த அண்ணனின் முகத்தைக் கடைசியாக அவள் பார்க்கவில்லை.

அதனால்தான் டிசம்பர் 12-ஆம் தேதி வந்து இறங்கியதிலிருந்து ஒவ்வொரு வெளிவேலையையும் எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். (டிக்கெட், பரிசோதனை, சென்னையிலிருந்து திருச்சி வந்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.) முதல் வாரம் நான் மாடியிலேயே இருந்தேன். 14-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு. "டிவியில பாத்துக்கிறேன்பா" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். மார்கழி பிறந்ததும் விடியற்காலை பெருமாள் கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள். யோசித்துப் பார்த்துச் சரி என்றேன். பிரகாரம் திறந்தவெளி, ஐந்து மணிக் காற்று, கால் மணி நேரம். ஆனால் பஜனைக் கூடத்துக்குள் உட்கார வேண்டாம், வெளியே நின்று கேட்டுவிட்டு வா என்று கேட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச்சில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒரே கூடத்தில் பாடிப் பயிற்சி செய்தது. 61 பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் சளி மாதிரி இருந்திருக்கிறது. கடைசியில் 53 பேர் படுத்தார்கள், இரண்டு பேர் இறந்தே போனார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பாடினதுக்கா?" என்று கேட்டாள். மூடின இடத்தில் வாய் திறந்து பாடினதுக்கு என்றேன். அன்றிலிருந்து பிரகாரத்திலேயே நின்றுகொண்டாள்.

பொன்மலைச் சந்தைக்குக்கூட அழைத்துப் போனேன். கூட்டம்தான், ஆனால் வானம் தலைக்கு மேல் திறந்திருந்தது. கத்தரிக்காய் வாங்கி முடித்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். இரண்டு கல்யாணங்களுக்குப் போகவில்லை. ஏசி மண்டபம். அதற்கு வருத்தப்பட்டவர்கள் இன்றும் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம், காற்று எப்படி, சத்தமாகப் பேசுகிறார்களா. இந்த நாலையும் வைத்து எங்கே போகலாம், எங்கே வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கோவில் வேண்டாமென்றால் அம்மா விட்டுக்கொடுப்பாள். கல்யாணத்தையும் விட்டுவிடுவாள். ஆனால் போயே தீர வேண்டும் என்று அரசாங்கமே வரச்சொன்ன ஒரே ஓர் இடம், நாலு கணக்கிலும் மோசமான இடமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினொன்றே காலுக்கு எங்கள் முறை வந்தது. நடுவில் பலர் எழுந்து போய்விட்டிருந்தார்கள். கவுண்ட்டர் பையன் கைரேகைக் கருவியைத் தள்ளி வைத்தான். அம்மா வலது கட்டைவிரலை வைத்தாள். விழவில்லை. ஆள்காட்டி விரல். விழவில்லை. அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை எங்கே இருக்கும்? "தலையில தேய்ச்சிட்டு வைங்கம்மா" என்றான். அம்மா விரலை நெற்றி முடியில் தேய்த்து, மறுபடி வைத்தாள். சிவப்பு விளக்குதான். "மாஸ்க்கை இறக்கிட்டு முகத்தைக் காட்டுங்க, மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கலாம். மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, உக்காருங்க" என்றான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றான். ஜன்னலையாவது திறங்கள் என்றேன். ஏசி போகும் என்று பதில் வந்தது.

நான் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கீழக் கல்கண்டார்கோட்டை திருப்பத்தில் ஆட்டோ திரும்பியபோதுதான் சொன்னாள். "ஒரு மணி நேரம் உக்காந்தும் வந்த வேலை முடியல. நீ அடுத்த மாசம் போயிடுவ. இதே கூட்டத்துலதான் நான் ரெண்டு வருஷமா இருக்கேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் ஆக்சிமீட்டர்தான் பேச்சு. காலை 97, மாலை 96, ஒருமுறை 95 காட்டியதற்கு நான் இரவெல்லாம் தூங்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டாவது கொரோனா தடுப்பூசி போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறுபது தாண்டி இணைநோய் உள்ளவர்களுக்கு ஜனவரி 10 முதல் இன்னொரு தவணை என்று அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அறிவித்திருந்தார்கள். அதுவும் இரண்டாவது ஊசி முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். அம்மா அந்தக் கணக்கில் வரவில்லை.

எதிர்வீட்டு அக்காதான் கேட்டார்: "ஏன் தம்பி பேங்க்குக்குப் போனீங்க? போஸ்ட்மேன்கிட்ட சொன்னா வீட்டுக்கே வந்து எடுத்துக் குடுப்பாரே. எங்க மாமியாருக்கு அப்படித்தான்."

இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020 நவம்பரிலேயே இதைத் தொடங்கியிருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கு வந்து மின்னணு உயிர்வாழ் சான்று எடுத்துத் தருவார், அப்போது கட்டணம் 70 ரூபாய். பென்ஷன் எந்த வங்கியில் வந்தாலும் பரவாயில்லை. அந்த வங்கிக் கிளையின் சுவர் முழுக்க அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். கை கழுவு, தள்ளி நில், முகக்கவசம் போடு. இந்த ஒரு வரியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஷட்டருக்கு வெளியே ஒட்டியிருந்தால், அந்த நாற்பது பேரில் முப்பது பேர் வாசலோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

30-ஆம் தேதி, பணிமனைச் சங்கு ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வராந்தா கிரில்லுக்கு வெளியேயே நின்றார். "நான் நாப்பது வீடு ஏறி எறங்குறவன் சார், உள்ள வேணாம். அம்மாவை இங்க வரச்சொல்லுங்க" என்றார். யாரும் சொல்லிக்கொடுத்து அவர் இதைச் செய்யவில்லை. நான் நாலு கேள்வி வைத்துப் போட்ட கணக்கை அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

கிரில் கதவின் திட்டில் கைபேசியையும் சின்னக் கைரேகைக் கருவியையும் வைத்தார். ஆதார் எண், பி.பி.ஓ எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்டுப் போட்டார். என் போனுக்கு ஓடிபி வந்தது. பிறகு ரேகை. கட்டைவிரல் விழவில்லை. நான் மனசுக்குள் போச்சு என்று நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. "வெந்நீர்ல கைய கழுவிட்டு, நல்லா தொடச்சிட்டு வாங்கம்மா" என்றார். அம்மா போய்விட்டு வந்தாள். தன் கைக்குட்டையால் கருவியின் கண்ணாடியைத் துடைத்தார். "வலது கைதான்னு இல்லம்மா, பத்து வெரல்ல எது விழுந்தாலும் சரி." ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். நடுவிரல் இல்லை, சுண்டுவிரல் இல்லை. இடது கை மோதிர விரல். வெள்ளி மெட்டியும் தாலியும் கழற்றிய பிறகும் அம்மா கழற்றாமல் வைத்திருக்கும் மோதிரம் அந்த விரலில்தான். அதன் நுனியைக் கண்ணாடியில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

"முடிஞ்சுதும்மா. இன்னும் ஒரு வருஷத்துக்கு நிம்மதி."

ஏழே நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். 70 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார். மீதி முப்பதை வேண்டாமென்றேன், வாங்க மறுத்து எண்ணிக் கையில் வைத்தார். அம்மா காப்பி போட்டுக்கொண்டு வந்து கிரில் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அவர் வேப்பமரத்தடிக்கு எடுத்துப்போய், முகக்கவசத்தை இறக்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தெருக்குழாயில் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

சிங்கப்பூரில் எனக்கு வங்கிக்குள் போய் இரண்டு வருடமாகிறது. எல்லாம் போனிலேயே முடிந்துவிடும். ஆனால் என் தபால்காரர் யாரென்று 14 வருடமாக எனக்குத் தெரியாது. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் கடிதம் கிடக்கும், எடுத்துக்கொள்வேன். அங்கே தனியாக இருக்கும் வயதானவர்கள் யாருக்காவது விரல் ரேகை விழாவிட்டால், இடது கை மோதிர விரலையும் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல யார் வருவார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள், 31-ஆம் தேதி, கெடுவை 2022 பிப்ரவரி 28 வரைக்கும் நீட்டிவிட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டினேன். அந்தத் திங்கட்கிழமை தாளின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அம்மா என்ன நினைத்தாளோ, எழுந்து போய்ப் பீரோக் கதவைத் திறந்தாள். உள்பக்கம் கேஸ் ஏஜென்சி நம்பருக்குக் கீழே தபால்காரர் நம்பரைப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தாள். பக்கத்தில் 'நவம்பர்' என்று.

"அடுத்த வருஷமும் அவரு இதே பீட்லதான் இருப்பாராமா? கேட்டியா நீ?"

கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.