சம்பளத்தோடு சூப்பர்: சின்னப் பண்ணைக்கு எந்த வழி ஒத்துவரும்?

ஆஸ்திரேலியாவில் 2026 ஜூலை 1 முதல் சம்பளம் போடும் ஒவ்வொரு முறையும் சூப்பரும், அதாவது தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்காக முதலாளி போடும் சேமிப்புப் பணமும், கட்டியாக வேண்டும். சம்பள நாளிலிருந்து 7 வேலைநாளுக்குள் அந்தப் பணம் தொழிலாளியின் சூப்பர் ஃபண்டில் சேர்ந்திருக்க வேண்டும். நாம் அனுப்பிய நாளுக்கு மதிப்பில்லை, சேர்ந்த நாள்தான் கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் பழைய முறையில் ஜூலை முதல் வாரச் சம்பளத்துக்கான சூப்பரை அக்டோபர் 28 வரை கையில் வைத்திருக்கலாம். பல பண்ணைகளில் அந்தப் பணம்தான் உரத்துக்கும் டீசலுக்கும் சுழன்றது.

அதே நேரத்தில் வரி அலுவலகத்தின் சிறுதொழில் கிளியரிங் ஹவுஸும் (எல்லோருடைய சூப்பரையும் ஒரே இடத்தில் கட்டினால் அவரவர் ஃபண்டுக்குப் பிரித்து அனுப்பும் சேவை) ஜூன் 30-உடன் மூடப்படுகிறது. இலவசம் என்பதை விட அதில் பெரிய நிம்மதி ஒன்று இருந்தது: அங்கே பணம் போய்ச் சேர்ந்த அன்றே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு எந்த வழியிலும் அந்தச் சலுகை கிடையாது.

மிச்சம் இருப்பவை சம்பளக் கணக்குப் போடும் பேரோல் மென்பொருள், ஃபண்டின் இலவச இணையதளம், கணக்கு எழுதும் புக்கீப்பர்.

நிரந்தர ஆட்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும் மாட்டுப் பண்ணைக்கு ஃபண்டின் இணையதளமே போதும். பெரிய ஃபண்டுகள் பலவும் முதலாளிகளுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. மற்ற ஃபண்டுகளுக்கும் அதிலிருந்தே அனுப்பலாம். தொகை மாறாத சம்பளம் என்றால் பத்து நிமிட வேலை.

பழத்தோட்டத்தின் கதை வேறு. பறிப்புக் காலத்தில் வாரத்துக்கு வாரம் ஆள் மாறும், மணிக்கணக்கு மாறும். சம்பளத்தை ஓரிடத்தில் போட்டுவிட்டு அதே எண்களை இன்னோரிடத்தில் மறுபடி தட்டுவது ஆண்டுக்கு 4 முறை என்றால் தாங்கலாம், 52 முறை தாங்காது. வாரச் சம்பளம் போடும் தோட்டத்துக்கு நான் மென்பொருளைத்தான் சொல்வேன். மாதக் கட்டணம் உண்டுதான், ஆனால் சம்பளமும் சூப்பரும் வரி அலுவலகத்துக்கான தகவலும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: நம் வங்கியிலிருந்து எடுக்கும் பணம் ஃபண்டுக்குப் போய்ச்சேர எத்தனை நாள்? நான்கைந்து நாள் என்று பதில் வந்தால் வேறு மென்பொருள் பாருங்கள்.

புக்கீப்பரிடம் விடுவது மனதுக்கு இதம். ஆனால் நேரக்குறிப்புத் தாள் லாரியின் முன்கண்ணாடியில் கிடந்தால் அவர் என்ன செய்வார்? தாமதத்துக்குப் பொறுப்பு சட்டப்படி முதலாளியுடையது. விடுபட்ட தொகைக்கு நாள்தோறும் வட்டி ஏறும். அதன் மேல் 60% வரை கூடுதல் தொகையும் விழலாம். முதல் ஆண்டில், உண்மையாக முயன்று தவறை உடனே சரிசெய்பவர்களைத் துரத்தப்போவதில்லை என்று வரி அலுவலகம் சொல்லியிருக்கிறது. அந்த ஓராண்டைப் பழகிக்கொள்வதற்குப் பயன்படுத்துங்கள்.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் தொகைக்கு 20 வேலைநாள் அவகாசம் உண்டு. ஆனாலும் ஃபண்டு விவரத்தை அவர் வேலைக்கு வந்த அன்றே வாங்கிவிடுவது நல்லது. பெயர், பிறந்த தேதி, வரி எண் இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் திரும்பிவிடலாம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அலையும் நமக்கு இது நன்றாகவே தெரியும்.

சூப்பர் வேலையைக் குறைக்க வாரச் சம்பளத்தை மாதச் சம்பளமாக்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். அவார்டு விதி (அந்தத் தொழிலின் சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்குமான சட்ட விதி) இடம் கொடுக்கிறதா என்பது முதல் கேள்வி. கொடுத்தாலும், பறிப்புக்கு வரும் பிள்ளைகளை வாடகைப் பணத்துக்காக மாதம் முழுக்கக் காக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணப்புழக்கத்தையும் போட்டுப் பாருங்கள். வாரம் 1,200 டாலர் வாங்கும் 10 பேருக்கு 12% வீதம் வாரத்துக்கு 1,440 டாலர் சூப்பர். காலாண்டின் 13 வாரத்துக்கு 18,720. 2026 ஜூலையில் இரண்டும் மோதும்: ஜூன் காலாண்டின் மொத்தத் தொகைக்கு ஜூலை 28 கெடு, அதோடு வாரா வாரம் புதுத் தொகையும் போகும். ஜூன் காலாண்டுத் தொகையைப் பழைய கிளியரிங் ஹவுஸ் வழியாகவே கட்ட நினைப்பவருக்கோ ஜூலை 28 வரை நேரமில்லை. ஜூன் 30-க்குள், கடைசி நாள் வரை இழுக்காமல் கட்டிவிட்டு, பழைய பதிவுகளையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.