சொல்தா குடும்பத்து விதவைகளைக் குறிவைக்கும் குடியுரிமைத் தரகர்கள்: ஓர் எச்சரிக்கை

புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவரை மணந்து, தாம் இன்னும் இந்தியக் குடியுரிமையிலேயே இருக்கும் பெண்களும் அவர்கள் வீட்டாரும், தரகரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அக்காவின் கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளத் தரப்பட்ட ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்த குடும்பம் அவருடையது. மாமா உயிரோடிருந்தபோதே அக்காவுக்கும் குடியுரிமை கோருவதற்காக ஒரு தரகரை அணுகினார்கள். முன்பணத்தோடு அசல் ஆவணங்களையும் வாங்கி வைத்துக்கொண்ட அவர், கேட்கும்போதெல்லாம் "அவசரம் ஒன்றுமில்லைம்மா, இந்த உரிமை எங்கேயும் போய்விடாது" என்றே சொல்லிவந்தார்.

அது முழுப் பொய். பிரெஞ்சுக் குடிமகனை மணந்தவர், திருமணமாகி நான்கு ஆண்டுகளுக்குப் பின், சில சூழல்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின், முறைப்படி அறிவிப்பு அளித்துத்தான் குடியுரிமை பெற முடியும். அதற்குத் தம்பதியரின் இல்வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதால், அறிவிப்பு அளிக்கும் முன்பே கணவர் இறந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். இந்தியாவில் நடந்த திருமணம் முதலில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் பிரெஞ்சு எத்தா சிவில் பதிவேட்டில் ஏற வேண்டும். மாமா இறந்தபின் விசாரித்தபோது, அந்த முதல் வேலைக்குக்கூடத் தரகர் மனுப் போடவில்லை என்று தெரியவந்தது. நகராட்சி தந்த திருமணச் சான்று, முத்திரை கலையாமல் அவருடைய கோப்பிலேயே கிடந்தது.

இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. கருமாதி முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தவர், பழைய பிரெஞ்சிந்தியக் குடும்பத்து விதவைகளுக்கு உடன்படிக்கையிலேயே தனி ஒதுக்கீடு இருப்பதாகக் கூறி மேலும் பணம் வாங்கினார். உடன்படிக்கை அளித்த தெரிவுரிமை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கானது. அதன் கெடுவும் அந்த ஆறு மாதத்தோடு முடிந்துவிட்டது. கணவர் இறந்தபின் மனைவிக்குக் குடியுரிமை தரும் ஒதுக்கீடு எதுவும் அதில் இல்லை.

மூத்த பெண்களின் நிலை வேறு. 1973 ஜனவரியில் வந்த சட்டத்துக்கு முந்தைய விதிப்படி, பிரெஞ்சுக்காரரை மணந்த அயல்நாட்டுப் பெண்ணுக்குத் திருமணத்தோடே குடியுரிமை வந்தது. அக்காலத்தில் மணந்த விதவை புதிதாக எதையும் கோர வேண்டியதில்லை, ஏற்கெனவே இருப்பதை நிரூபிக்கத்தான் வேண்டும். எனவே திருமணத் தேதியைக்கூடக் கேட்காமல் கட்டணம் பேசும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விதவை ஓய்வூதியமும் குடியுரிமையும் வெவ்வேறு கோப்புகள் என்பதையும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் இவர்கள் வாய் தவறியும் சொல்வதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபின் ஆவணங்கள் திரும்பி வந்தன, பணம் வரவில்லை. அந்தத் தரகர் தந்த ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டுமே இருக்கிறது. எந்த மனுவுக்கு, யார் பெயரில் என்ற விவரம் ஏதும் இல்லை. ஆலோசனை சொன்னேன், அதற்கான கூலி அது என்று இப்போது வாதாடுகிறார்.