நான்கு வருடமாக என் வீட்டுப் பாஸ்வேர்டு: ஒரு பகடை, சில வார்த்தைகள்

பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க வந்தவர், அப்பாவின் மொபைல் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனார். பல வருடம் அதுவே ஓடியது. பத்து இலக்கம் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடிதான். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபையில், போன் ரவுட்டரோடு இணையும் நொடியில் காற்றில் போகும் தகவலை ஒருவர் பிடித்துக்கொண்டால், அப்புறம் தன் கணினியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் எண்களைப் பார்த்துவிடும். சில மணி நேர வேலை.

இது தெரிந்த அன்றே மாற்றினேன். முதலில் வைத்தது 20 எழுத்து, குறியும் எண்ணும் கலந்தது. அப்பா டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ஷிஃப்ட் எங்கே என்று தேடி, கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை. "ஏம்ப்பா, இதை மனுசன் அடிக்க முடியுமா?" என்றார். அவர் கேட்டது நியாயம்.

அதன் பிறகுதான் டைஸ்வேருக்கு வந்தேன். 1995ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் உருவாக்கிய முறை. லூடோ பெட்டியில் இருந்த பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்து இலக்க எண் வரும். 7,776 வார்த்தைகள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக இருப்பது உங்கள் வார்த்தை. வைஃபைக்கு இப்படி ஐந்து வார்த்தை எடுத்தேன். எல்லாம் சின்ன எழுத்து, குறி கிடையாது. ஆனாலும் மொத்த வாய்ப்புகள் 20 இலக்க எண். வார்த்தை பிடிக்கவில்லை என்றால் மறுபடி உருட்டத் தோன்றும். தயவுசெய்து உருட்டாதீர்கள். நாமே தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் பிள்ளை பெயரும் குலதெய்வமும்தான் வரும். அப்பா இப்போது அந்த ஐந்தையும் மனப்பாடமாக அடிக்கிறார்.

ரவுட்டர் அமைப்புக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, அது அட்மின் என்றே கிடந்தது. அதையும் மாற்றி, பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ சின்ன எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன்.

மற்ற கணக்குகளுக்கு பிட்வார்டன், பாஸ்வேர்டுகளை எல்லாம் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலி. இலவசப் பதிப்பே போதுமானதாக இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு. நான் நினைவில் வைத்திருப்பது பிட்வார்டனைத் திறக்கும் ஆறு வார்த்தை மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும். எரிச்சலூட்டுவது ஒரே ஒரு வங்கித் தளம். பாஸ்வேர்டை ஒட்ட விடாது, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. மாற்று மாற்று என்றால் கடைசி எண்ணை 1லிருந்து 2 ஆக்குவதுதான் நடக்கும், எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர் பாஸ்வேர்டையும், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான (பாஸ்வேர்டோடு போன் செயலி தரும் குறியீட்டையும் கேட்பது) மீட்புக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். தாளில் எழுதவே கூடாது என்பவர்கள் உண்டு. போன வருடம் மழையில் என் போன் செத்துப்போனது. குறியீடு தரும் செயலியும் அதிலேயே போனது. புதுப் போனில் நான் தட்டத் தட்ட, மனைவி அந்தத் தாளைப் பிரித்துக் குறியீட்டை நாலு நாலு எழுத்தாகப் படித்தாள். பத்து நிமிடத்தில் எல்லாக் கணக்கும் திரும்பக் கிடைத்தது.