டிஸ்க்கை உள்ளே தள்ளுவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்

'ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் வலிக்கு நிரந்தரத் தீர்வு' என்று போர்டு வைத்த மதுரைக் கடை ஒன்றில் 18,000 ரூபாய் பேக்கேஜ் கட்டினேன். பெயரைப் போடவில்லை. இதே போர்டு உங்கள் ஊரிலும் இருக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கி நரம்பை அழுத்துவதாக இருந்தது. கடையில் வைத்தியம் பார்க்கும் ஆள் அந்த ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு, அதில் துருத்திக்கொண்டு ஒரு சிவப்பு ரப்பர். கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே போனது. "இவ்வளவுதான் சார் வேலை!"

நிஜ டிஸ்க் மேலும் கீழும் எலும்போடு ஒட்டியிருப்பது. பிதுங்கிய இடம் தசை, எலும்பெல்லாம் தாண்டி உள்ளே இருக்கிறது, கை அங்கே போகாது. முறுக்கும்போது கேட்கும் 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில் குமிழி உண்டாவதால் வருவது. பலருக்குப் பிதுங்கல் சில மாதங்களில் தானாகவே சுருங்கும். அதன் பெருமையும் இவர்களுக்கே போய்ச் சேருகிறது!

முழங்கையால் இடுப்பில் ஏறி அழுத்த அழுத்த, புட்டத்தோடு நின்ற வலி கெண்டைக்காலுக்கு இறங்கியது. "வலி கீழ்வழியா வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். உண்மை நேர்மாறு. வலி காலை விட்டு இடுப்புப் பக்கம் ஏறிச் சுருங்குவதுதான் பொதுவாகத் தேறும் அறிகுறி. அப்புறம் ஒருநாள் இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது எனக்கே தெரியவில்லை, டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். அதற்கும் "நரம்பு திறக்குது சார்" என்றார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது பாதம் தூக்கவே வரவில்லை. மசாஜை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது பிசியோதெரபி. பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் படித்த பெண், கை வைக்கும் முன் கால் பலம், உணர்ச்சி எல்லாவற்றையும் சோதித்தார். மெல்லத் தேறி வருகிறது.

மீதிப் பணத்தைக் கேட்டால் "நீங்கதானே பாதியில நிறுத்தினீங்க" என்கிறார்கள். ரசீதில் சிகிச்சை என்ற பேச்சே இல்லை, 'மூலிகைத் தைலம்' என்று எழுதியிருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது இப்படி எங்காவது போய்க்கொண்டிருப்பவர்களுக்கு: கால் பலம் குறைந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஆசனவாய், தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, ராத்திரியானாலும் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.