“எல்லா லைட்டும் எரியுதே சார்”: பழைய பிக்கப் வயரிங்கில் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் பிக்கப்பை வாங்கி, டிங்கரிங், பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் முடித்து மறுபடி ரோட்டில் விட நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. பெயின்ட் வேலைக்காகக் கேபினைப் பிரித்த ஒரு வண்டியில் வயரிங்கை ஒரு கடையிடம் ஒப்படைத்து, “முழு வயரிங் புதுசு” என்று ஒரே வரியில் 14,000 ரூபாய் பில் கட்டியாயிற்று. டெலிவரி அன்று ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்தன. ஒன்பதாம் நாள் இரவு டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. டேப்பைப் பிரித்த பிறகுதான் எதற்குப் பணம் கட்டினோம் என்று தெரிந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் ஊருக்கு ஊர் உண்டு.

முதலில் ஒயர். உள்ளே ஓடியது முழுக்கச் சிவப்பு. டேப்பின் பசையைத் துடைத்து, மேலுறையில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததைப் படித்தால் “1100 வோல்ட், ஐ.எஸ். 694”. அதாவது வீட்டுக்குப் போடும் ஒயர். வண்டி ஒயருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2465. கேட்டதற்குக் கடையில் சொன்ன பதில்: “1100 வோல்ட் தாங்குற ஒயர் 12 வோல்ட்டைத் தாங்காதா?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். வோல்ட் கணக்கு மேலுறை மின்சாரத்தை வெளியே விடாமல் தடுப்பதற்கு. ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர். வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கானது; சுவருக்குள் குழாயில் அசையாமல் கிடக்க அது போதும். இன்ஜின் பக்கத்துச் சூடு, டீசல் கசிவு, ஓயாத அதிர்வு மூன்றும் சேர்ந்தால் உறை விறைத்து, வளைகிற இடத்தில் வெடித்துவிடும். செம்பு இழைகளில் குறையில்லை, குறை உறையில். எல்லாம் ஒரே நிறம் என்பது அடுத்த தொல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் முப்பத்து நான்கு சிவப்பு ஒயர். எது ஹாரன், எது பிரேக் என்று ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கம்பெனியில் வந்த பழைய வயரிங் செட் எங்கே? வெட்டி எடுத்துவிட்டார்கள். உண்மையான நஷ்டம் இங்கேதான். பழைய செட்டில் இரண்டு மூன்று இடத்தில் உறை போயிருக்கும், நான்கைந்து கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பச்சை பிடித்திருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும். வெட்டி எடுத்த செட் செம்புக்காக எடைக்குப் போகிறது, கப்ளர்கள் தனியாக விலை போகின்றன. வேலைக்கு விடும்போதே “எதை வெட்டினாலும் வெட்டிய துண்டு எனக்கு வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: அதிகம் ஓடும் மாடல்களுக்கு கப்ளரோடு ரெடிமேட் வயரிங் செட் கிடைக்கிறது. சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் விசாரித்துவிட்டு, பிறகு லேபர் பேசுங்கள்.

கருகியதற்கான காரணம் ஹெட்லைட். கம்பெனி பல்பு 60/55 வாட். “வெளிச்சம் பத்தாது” என்று 100/90 வாட் பல்பு போட்டு, ரிலேக்களை (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) கழற்றிவிட்டு, ஸ்டியரிங் ஸ்விட்ச் வழியாக டைரக்ட் கொடுத்திருந்தார்கள். பிரைட்டில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 200 வாட், கிட்டத்தட்ட 15 ஆம்பியர். அது முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து டிம்மர் ஸ்விட்சின் சின்னக் காண்டாக்ட் வழியாகப் போகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட், பல்பு ஹோல்டரில் அளந்தால் 11.2. நடுவே தொலைந்த 2.3 வோல்ட்டை ஆம்பியரோடு பெருக்கினால் சுமார் 35 வாட். ஒரு சால்டரிங் அயர்னை டேஷ்போர்டுக்குள் செருகி, வண்டி ஓடுகிற நேரமெல்லாம் எரியவிட்ட கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாலஜன் பல்பில் வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய 60/55 பல்பிலும் வெளிச்சம் குறைந்தது ஒயரில்தான். அதைச் சரிசெய்யாமல் பெரிய பல்பைப் போட்டு ஒயரை எரித்தார்கள்.

சரியான முறை இது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என நான்கு கால் ரிலே இரண்டு, 30 அல்லது 40 ஆம்பியர். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்களவு 2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயர் ரிலேயின் 30-ஆம் எண் காலுக்கு. 87-இலிருந்து பல்புகளுக்கு. டிம்மர் ஸ்விட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த் (வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). இப்போது ஸ்விட்ச் வழியாக ஓடுவது ரிலே சுருளுக்கான துளி மின்சாரம் மட்டும். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இருட்டில் மற்றது கை கொடுக்கும். இப்படிச் செய்தபின் 60/55 பல்பே போதும். உருகிய பிளாஸ்டிக் ஹோல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு பீங்கான் ஹோல்டர் மாட்டுங்கள்.

ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தால் 15 இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30. இன்னொரு இடத்தில் ஃப்யூஸ் காலைச் சுற்றி ஒயர் இழை. ஃப்யூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஆகவே ஒயரின் தடிமனைப் பார்த்து ஃப்யூஸ் போடுங்கள்: 0.75 ஸ்கொயருக்கு 7.5 ஆம்பியர், 1 ஸ்கொயருக்கு 10, 1.5-க்கு 15, 2.5-க்கு 20. நிறத்தைப் பார்த்தே பிடிக்கலாம்: 7.5 காப்பி நிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பாக்ஸில் பச்சை அதிகம் தெரிந்தால் அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அடுத்து எர்த். நூற்றுக்குப் பாதிக்கு மேல் கோளாறு இதில்தான் என்று எந்த நல்ல வயரிங்காரரும் சொல்வார். இந்த வண்டியில் சரக்கு ஏற்றும் தொட்டியின் பின் லைட்டுகளுக்கான எர்த் ஒயரை, புதுப் பெயின்ட்டின் மேலேயே ஒரு தகடு ஸ்க்ரூவால் முடுக்கியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தை விடாது. ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது, இரண்டு மழை பெய்தால் அதுவும் துருவேறிவிடும். இதைக் கண்டுபிடிக்க மீட்டரே வேண்டாம். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் மங்கலாக எரிந்து, கூடவே பார்க் லைட்டோ மீட்டர் விளக்கோ மினுங்கினால் பின்னால் எர்த் இல்லை. காரணம், பின் பல்புக்குள் பிரேக்குக்கு 21 வாட், பார்க் லைட்டுக்கு 5 வாட் என இரண்டு இழை. 21 வாட் இழைக்குள் வந்த மின்சாரம் எர்த் கிடைக்காமல் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பார்க் லைட் ஒயரில் புகுந்து, முன் பல்பு வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. இதற்கு பல்பு மாற்றி, ஸ்விட்ச் மாற்றி, ஃப்ளாஷர் மாற்றிப் பணம் பிடுங்குவார்கள். தீர்வு, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளப்பாக்கி, முனையில் திம்பிள் (வளையமுள்ள உலோக முனை) அடித்த ஒயரைப் பல் வாஷரோடு போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுவது. தொட்டியை நம்பாமல், அங்கிருந்து சேஸிஸுக்கு 2.5 ஸ்கொயரில் தனி எர்த் ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்தானது, பெயின்ட்டுக்காகக் கழற்றிய இன்ஜின் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவே இல்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது எப்படியாவது பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை இல்லாததால் ஆக்சிலரேட்டர் கேபிளின் கம்பிச் சுருள் வழியாகத் திரும்பியது. சுருள் சூடேறி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாய் இளகி, ஆக்சிலரேட்டர் இறுக்கமாகிவிட்டது. மலைப் பாதையில் அது சிக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “செல்ஃப் வீக், மோட்டாரைக் கழற்றணும்” என்று சொல்லும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள்: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸ் தலையிலும் வைத்து, மூன்று விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. இந்த வண்டியில் 2.4 காட்டியது. 35 ஸ்கொயர் பின்னல் பட்டை ஒன்று போட்டதும் 0.15-க்கு இறங்கியது, செல்ஃப் மோட்டாரை யாரும் தொடவில்லை.

ஜாயின்ட்டுகள்: டேஷ்போர்டுக்குப் பின்னால் மட்டும் இருபத்து மூன்று. எல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவை. அதிலும் பாதி ஒரே இடத்தில் அருகருகே. சூட்டில் பசை இளகி டேப் வழுக்கினால் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். ஜாயின்ட்டை உறையில்லாத செம்புக் குழலில் க்ரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். பக்கத்து ஜாயின்ட்டை நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் எல்லையில் ஒயர் விறைத்து, அதிர்வில் சரியாக அந்த இடத்தில் ஒடியும். கேபினிலிருந்து இன்ஜின் பக்கம் போகும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே இல்லை, தகட்டின் விளிம்பு உறையை அறுத்து, செம்பு வெளியே தெரிந்தது.

சார்ஜிங் கோளாறு ஒன்று தனியாக இருந்தது. மீட்டர் போர்டில் பேட்டரி விளக்குக்குப் பழைய 3 வாட் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தார்கள், “பளிச்சுனு இருக்கும்” என்று. பல வண்டிகளில் அந்த விளக்கு வெறும் விளக்கு அல்ல. அதன் வழியாகப் போகும் கால் ஆம்பியர்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி சில மில்லி ஆம்பியர்தான் விடும்; வண்டியை உறுமவிட்டால்தான் சார்ஜ் ஏறும், ஐட்லிங்கில் பேட்டரி 12.3-இலேயே நின்றது. பல்பைத் திரும்பப் போட்டதும் 14.1. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். இது தெரியாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

ராத்திரியில் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குவதும் இருந்தது. அதற்குக் காரணம், சாவி போட்டபின் வர வேண்டிய ஆடியோ ஒயரையும் நேராக பேட்டரியில் கொடுத்தது. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவே சேருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், இங்கே 400. நாளுக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர்-அவர் போகிறது, நான்கு நாள் நிறுத்தினால் 80 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி காலி. ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவினால் எண் எங்கே விழுகிறதோ அதுதான் இடம். மீட்டர் நடுவே இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும்.

திரும்பச் செய்பவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் மைனஸைக் கழற்றுங்கள். எதையும் வெட்டாமல் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்க்கிங் டேப்பில் பெயர் எழுதுங்கள். பிறகு எர்த், அடுத்து மெயின் லைன், சார்ஜிங், ஹெட்லைட், பின் லைட், கடைசியில் டேஷ்போர்டு. ஒரு லைனை முடித்துச் சோதித்த பிறகே அடுத்தது. ஷார்ட் தேடும்போது ஃப்யூஸை மாற்றி மாற்றி எரிக்க வேண்டாம்: ஃப்யூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயரோடு செருகுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர்க்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் உறை போயிருக்கிறது. இந்த வண்டிக்குப் பிடித்த சாமான்: 2.5 ஸ்கொயர் 12 மீட்டர், 1.5 ஸ்கொயர் 20 மீட்டர், 0.75 ஆறு நிறத்தில் மொத்தம் 50 மீட்டர், ரிலே நான்கு, துணி டேப் நான்கு சுருள். கொஞ்சம் வளைகுழாயும் திம்பிளும் சேர்த்துச் சாமான் செலவு முதல் பில்லில் பாதியைத் தாண்டவில்லை.

கடையில் திரும்பக் கேட்டபோது வந்த பதில்தான் தலைப்பு. வயரிங் லேபருக்கு கேரண்டி கிடையாது என்றார்கள். பில்லில் ஒயரின் பெயரோ அளவோ இல்லாததால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனாலும் வீட்டு ஒயர் போட்டார்கள் என்று காட்ட முதல் பில் உதவாது. அதனால் அடுத்த கடையில் பில் இப்படி வாங்கப்பட்டது: ஒயர் கம்பெனி, தர எண், ஸ்கொயர், மீட்டர், ரிலே எண்ணிக்கை, லேபர் தனியாக. பிரித்தெடுத்த சிவப்பு ஒயர் ஒரு உரச்சாக்கு நிறையச் சேர்ந்தது, “ஐ.எஸ். 694” தெரியும்படி ஒரு துண்டை மட்டும் பில்லோடு பின் அடித்து வைத்திருக்கிறோம்.