கண்மாய்க் கரை சீரமைப்புப் பணி: கரை நன்று, மடை கவலைக்குரியது

தேவிபட்டினத்தை அடுத்த எங்கள் ஊர்க் கண்மாயின் கரையை ஒப்பந்ததாரர் ஒருவர் சீரமைத்துக் கொடுத்த பணியை, வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிறைந்து நிற்கும் இவ்வேளையில் பார்வையிட்டு இதனை எழுதுகிறேன்.

கரை வேலைக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். கண்மாயின் நீர் நிற்கும் உட்பகுதியான உள்வாயில் வெட்டிய களிமண்ணை மொத்தமாகக் கொட்டிவிடாமல், சுமார் 20 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட்டார்கள். சீமைக்கருவேலத்தையும் தூரோடு பிடுங்கினார்கள். வேரை உள்ளே விட்டால் அது மட்கி, தண்ணீர் புகுந்து செல்லும் வழியாகிவிடும்.

கண்மாயிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் மடையைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. மடைச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் ரோலர் எட்டாது என்பதால், அங்கே திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. இப்போது வெளிச்சரிவில், மடைக்கு அருகே, விரல் பருமனில் நீர் கசிகிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தபோது அடியில் மண் படிந்தது. மண்கரையில் தெளிந்த நீர் சிறிது கசிவது இயல்பே. கலங்கிய கசிவோ, கரை உள்ளே அரிக்கப்படுவதற்கான அடையாளம். நீரில் எளிதில் கரையும் உவர்மண் கலந்த கடலோரக் கரைகளில் இந்த அரிப்பு விரைவாகவே பெரிதாகும்.

கசிவின் வாயை ஒப்பந்ததாரரின் ஆட்கள் களிமண்ணால் அடைத்துவிட்டுப் போனது பெருந்தவறு; வாயை அடைத்தால் நீர் கரைக்குள் வேறு வழி தேடும். நீர்மட்டத்தைக் குறைத்து, கசியும் இடத்தில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என வரிசையாகப் பரப்பி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியேற்றும் வேலையை ஒப்பந்ததாரர் உடனே செய்து தர வேண்டும்.