காரைக்குடியில் ஒரு வீல் அலைன்மென்ட் கடை: வேலை சுத்தம், ஒரு குறை

வண்டியை மெஷினில் ஏற்றுமுன் நாலு டயருக்கும் காற்று பார்த்து, டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரத்தின் ரப்பர்) இரண்டையும் ஆட்டிப் பார்க்கிறார்கள். இதற்கே பாதி மார்க் போடலாம். புஷ் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) நிற்காது, காசுதான் தண்டம். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வைக்கும்போது ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, இரண்டு பக்க டை ராடையும் சரிசெய்கிறார்கள்; ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் நேர்ரோட்டிலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

குறை? வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றதும் கேம்பர் போல்ட் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வைத் திருத்தும் போல்ட்) போடலாம் என்கிறார்கள். முதலில் முன் டயர்களைப் பக்கம் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள் (அம்புக்குறி போட்ட டயருக்கு இது ஆகாது). இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான்.

80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று) பாருங்கள். கானாடுகாத்தான் பக்கச் செம்மண் பாதையில் ஓடும் வண்டியா? ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய மண்ணைச் சுரண்டிய பிறகே பேலன்சிங் வெயிட் (எடையைச் சமன்செய்யும் சிறு உலோகத் துண்டு) ஒட்டச் சொல்லுங்கள்.